மருதானை என்று அறிவிக்கப்பட்ட எங்கள் வாப்பா

எங்கள் வாப்பா மாண்டலினை எதற்காகக் கீழே வைத்தார்? அவர் வபாத்தாகி ஒரு வருடம் நிறைவடையும் இந்த நேரத்திலும் எனக்கு விடை தெரியவில்லை. இந்த நினைவு மலரில் அவரது ஈமானையும் பொறுமையையும் பற்றி மட்டும் எழுதினால் போதும் என்று என் மூத்த சகோதரர், நானா, சொன்னார். அதையும் எழுதுகிறேன். ஆனால் ஏழு வயதான என் மகன் மாண்டலின் பழக வேண்டுமென்று நாள்தோறும் கேட்கிறான். இசை மார்க்கத்துக்கு ஆகாது என்று வாப்பா வாசிப்பதை விட்டிருந்தால், அவனை அனுப்புவது அவரது விருப்பத்துக்கு மாறானது. வேறு காரணத்தால் விட்டிருந்தால், நான் தடுப்பது அநியாயம்.

வாப்பா மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்ததால், இரண்டு தங்கைமாருக்கும் வீடு கட்டிக் கொடுக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. பெண்ணுக்கு வீடில்லாமல் நமதூரில் கல்யாணமில்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே கொழும்பில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். வாடகை அறையில் கூட இருந்த மலாய் நண்பர் ஒருவர் மாண்டலின் வாசிப்பவர். பின்னேரங்களில் அவரிடம் பழகி, அவர் மூலமாகவே தொலைக்காட்சியின் தமிழ்ப் பல்சுவை நிகழ்ச்சி ஒன்றின் வாத்தியக் குழுவில் வாப்பா சேர்ந்தார்.

அந்தக் குழுவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவர் முகமே மாறிவிடும். பாடகர்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். பின்வரிசையில் இருந்தவர்களைத்தான் சொல்வார். அக்கோர்டியன்காரர் பெட்டியை நெஞ்சில் மாட்டியபடியே தூங்குவாராம். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அதுவும் மெல்ல முனகுமாம். ஆனால் தன் இடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே விரல் சரியான கட்டையில் போய் விழுமாம். வயலின் வாசித்த சிங்களப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் வாப்பாவின் பக்கம் சாய்ந்து, “மல்லி, இது சந்தோசமா, துக்கமா?” என்று, தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்பார். ஒருமுறை வாப்பா மாற்றிச் சொல்லிவிட, கல்யாணப் பாட்டு ஒன்று ஒப்பாரியைப் போல் முடிந்ததாம். யாழ்ப்பாணத்துத் தபேலாக்காரர்தான் மஃரிபு நேரத்தை நினைவூட்டுவார். “தம்பி, நேரமாச்சு, போய்த் தொழுதிட்டு வாரும். நாங்கள் பொறுத்து நிக்கிறம்” என்பாராம்.

ஒரு பெருநாள் நிகழ்ச்சிக்கு வாப்பா ஊரிலிருந்து கைத்தறிச் சாரன்களைக் கொண்டுபோய்க் குழுவினர் எல்லோருக்கும் கொடுத்தார். கமெரா இடுப்புக்கு மேலேதான் காட்டும் என்ற தைரியத்தில், மேலே கோட்டும் கழுத்துப் பட்டியும், கீழே புதுச் சாரனுமாக எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள். இங்கே ஊரில், தொலைக்காட்சி இருந்த ஒரு வீட்டு முற்றம் முழுவதும் சனம். அறிவிப்பாளர் வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்துகொண்டு வந்தார். வாப்பாவின் முறை வந்ததும், “மாண்டலின் வாசிப்பவர், மருதானையைச் சேர்ந்த...” என்று ஆரம்பித்து, அவரைக் கொழும்புக்காரராகவே ஆக்கிவிட்டார்.

முற்றத்தில் ஒரே கூச்சல். “அடேய், எங்கட முனை எங்கடா?” என்று யாரோ எழும்பிக் கத்தினாராம். சரியாக அந்த நேரம் கமெரா பின்னோக்கிப் போனது. வரிசையாகச் சாரன்கள்! வாப்பாவின் இளைய தங்கையான மாமிதான் முதலில் கண்டார். “வாய்தான் மருதானை எண்டுது. இடுப்பப் பாருங்க, மருதமுனை!”

அன்று முதல் வாப்பா ஊருக்கு ‘மருதானையார்’ ஆனார். இந்த மலரைக் கையில் எடுத்தவர்களில் பலருக்கு அந்தப் பெயரால்தான் ஆளைத் தெரிந்திருக்கும்.

பிறகு தங்கைமாரின் வீடுகள் கட்டி முடிந்தன. கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்தது. உம்மாவைத் திருமணம் செய்தார். நாட்டு நிலைமையால் கொழும்புப் பயணம் பயமானதாயிற்று. பள்ளிவாசல் வேலைகளில் ஈடுபட்டார். மாண்டலின் அலுமாரிக்கு மேலே ஏறியது. இவற்றில் எது காரணம்? எல்லாமுமா? நானாவோ நானோ அவர் வாசித்துக் கேட்டதில்லை. சுனாமியில் கடல் வந்தபோது அது வீட்டோடு போனது. அன்று அவர் தேடியது எங்களைத்தான்; அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகாமில் பிள்ளைகள் அழுதபோது பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து விரலால் தாளம் போட்டுச் சிரிக்க வைத்தார். அதை வாசித்தது என்று சொல்லலாமா, எனக்குத் தெரியவில்லை.

வாப்பா நோயில் படுத்திருந்த கடைசி மாதங்களில், அந்தப் பெருநாள் நிகழ்ச்சியின் பழைய பதிவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. அக்கோர்டியன்காரரின் பிள்ளைகள் இணையத்தில் போட்டிருந்தார்களாம். என் மகன் கட்டிலில் ஏறி அவர் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தான்.

“மூத்தாப்பா, இதுல நீங்க எங்க?”

“அந்தா, பாடுறவட தோளுக்குப் பின்னால தெரியிற கை.”

“கை மட்டுந்தானா?”

“கைதான் மனே வேல செஞ்சது. மூஞ்சி சும்மாதான் இருந்திச்சு.”

ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னார். வயலின்காரர் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘மருதானை’ வந்ததும் சிரித்து இருமலில் முடிந்தது. மகன் பெட்மின்டன் மட்டையை மடியில் வைத்து அதன் நரம்புகளைச் சுண்டத் தொடங்கினான். நான் துணிந்து கேட்டேன்.

“வாப்பா, இவன் மாண்டலின் பழகக் கேக்கிறான். என்ன செய்ற?”

“உடு புள்ள.”

“எத வாப்பா உடுற?”

“அதத்தான் புள்ள சொல்றன். உடு.”

குசினியிலிருந்து உம்மா, “ரெண்டு பேருக்கும் நல்லா விளங்கிட்டு!” என்றார். வாப்பா கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார். அதற்குமேல் அவரைக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

“அந்தக் கதைய உடு எண்டுதான் சொல்லியிருக்காரு” என்கிறார் நானா. “புள்ளய உடு எண்டுதான். வேணாம் எண்டா வேணாம் எண்டு சொல்ற வாய் அவருக்கு இருந்திச்சு” என்கிறார் உம்மா. என் கணவரோ, “மாமி சொன்னாலும் சரி, மச்சான் சொன்னாலும் சரி” என்று மாமியாருக்கும் மச்சானுக்கும் நடுவில் தப்பிக்கொள்கிறார். வாப்பா அன்று சிரித்த சிரிப்பை வைத்துப் பார்த்தால் உம்மா சொல்வதுதான் சரியென்று தோன்றும். சுபஹு தொழுகைக்கு எழும்பும்போது, எனக்கு வேண்டியதைத்தான் நான் கேட்டேனோ என்று பயம் வரும்.

வாப்பாவை இறுதிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அல்லாஹ் உங்கள் அனைவருக்கும் நற்கூலி தருவானாக. ஜனாஸாவன்று வாசலில் நெடுநேரம் நின்ற கல்முனை மெதடிஸ்த தேவாலயத்து இசை ஆசிரியருக்கும் நன்றி. அவர் நோன்புப் பெருநாள் கழிந்து சிறுவர்களுக்கு மாண்டலின் வகுப்புத் தொடங்குகிறார். மகனுக்கு ஓர் இடம் வைத்திருப்பதாகவும், அவசரமில்லை என்றும் சொன்னார். அவசரம் எனக்குத்தான்.

ஆகவே, வாப்பாவோடு கந்தோரில் இருந்தவர்களே, பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர்களே, அவர் என்றாவது உங்களிடமும் ‘உடு’ என்று சொல்லியிருப்பார். அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? பேச்சை நிறுத்தினீர்களா, பிடித்திருந்த கையைத் தளர்த்தினீர்களா? அவர் எதைக் கண்டு திருப்திப்பட்டார்? மார்க்கம் அறிந்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் உங்கள் ஆலோசனையை வீட்டுக்கு வந்தாவது சொல்லுங்கள். மகனுக்கு நான் இன்னும் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.