படகில் நான் அடைத்த ஓட்டைகள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் மலையிறங்கித் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போய்விட்டார்கள். கடைசி மகன் மட்டும் என்னோடு இருக்கிறான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். வரட்டும்.

மகன் அணைத் தண்ணீரில் பாய்மரப் படகு விடுகிறான். மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து வாங்கிய மரப்படகு. சுற்றுலா வருகிறவர்கள் ஐந்தாறு பேர் உட்காரலாம். போன மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீர் சேர ஆரம்பித்தது. இறைத்துவிட்டாலும் மறுநாள் காலையில் பின்பக்கம் கணுக்கால் அளவு நிற்கும். அதிகாரி பார்க்க வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் லைசென்ஸ் கிடையாது. கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு தானும் திருப்பூருக்குப் போவதாக அவன் சொல்லிவிட்டான்.

கீழே இருந்து மலையாளத்து ஆசாரி வந்தார். படகைக் கரையேற்றி, அடிப்பலகை இடுக்குகளில் வெளியிலிருந்து நூல் திணித்துத் தார் பூசினார். இரண்டு நாள் வேலை. படகைத் தண்ணீரில் இறக்கி, ஒரு மழை பெய்து விடிந்தால் பழைய கதைதான்.

எஸ்டேட் லயத்து வீட்டின் தகரக் கூரையை நாற்பது வருஷம் ஒழுகாமல் பார்த்துக்கொண்டவள் நான். ஓட்டை கண்ணில் பட்டால் ஒழுகுமா ஒழுகாதா என்று யோசிக்க மாட்டோம். சாக்குத்துணியைத் திணித்துத் தார் பூசிவிடுவோம். மகன் கடைக்குப் போயிருந்த மத்தியானத்தில் படகில் ஏறித் தரைப்பலகைகளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விலா எலும்பு மாதிரிக் குறுக்குக் கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் கட்டைவிரல் போகிற ஓட்டை. எல்லாவற்றையும் சாக்குத்துணி திணித்து, ஆசாரி மிச்சம் வைத்த தாரைப் பூசி அடைத்தேன். முட்டி விட்டுப்போயிற்று. ஆசாரி கண்ணில் படாதது என் கண்ணில் பட்டதே என்று ஒரு பெருமை. பலகைகளைப் பழையபடி மூடிவிட்டு வந்தேன்.

அன்றும் மழை. காலையில் பின்பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மகன் நடுப்பலகையைத் தூக்கிவிட்டான். பாய்மரம் நிற்கிற இடத்தில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு சாண் தண்ணீர்.

"எவன் இத அடைச்சது? தண்ணி பின்னால ஓடி வரத்தான இந்த ஓட்டைய விட்டிருக்கு. அடைச்சா உள்ளயே நின்னு கட்டை மக்கிப்போகும்."

அங்கேயே நின்று ஆசாரிக்குப் போன் போட்டான். அவர் குரல் எனக்கும் கேட்டது.

"உள்ளில ஞான் கை வச்சிட்டே இல்ல."

"அப்ப தாரு தானா வந்து உக்காந்துச்சா ஆசாரி?"

"என்டெ தார் வெளியில மாத்திரம். நின்டெ வீட்ல கேட்டு நோக்கு."

"வீட்ல எங்கம்மாதான் இருக்கு. அது வந்து அடைச்சுச்சாக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தான்.

நான் டீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன். மூடியைத் திருகி டீயை ஊற்றி அவனிடம் நீட்டினேன்.

கோபம் தணிந்தபின் அவன் அந்தத் தண்ணீரையே பார்த்தான். முன்னாலும் பின்னாலும் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் ஏன்? பாய்மரத்தைத் தடவினான். மேலிருந்து கீழ்வரை ஈரம். மேல்தளத்தில் மரம் நுழைகிற துளையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி இற்றுப்போயிருந்தது.

"ஒரு வாரமா அடியில தேடுனோமேம்மா. மழைத்தண்ணியில்ல மேலருந்து எறங்கியிருக்கு."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற என் ரப்பர் சீட்டை வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தேன். மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டித் தார் பூசினான். அடைத்த ஓட்டைகளை நானே நோண்டி எடுக்கிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்கும்மா, முட்டிவலிக்காரி" என்று அவனே குனிந்து குடைக்கம்பியால் நோண்டினான்.

அதிகாரி மழைக்கு மறுநாள் வந்தார். பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார், கையால் தடவினார், லைசென்ஸ் எழுதிக் கொடுத்தார். மகன் இங்கேயே இருக்கிறான். ஆனால் மற்றப் படகுக்காரர்களிடமும் ஆசாரி வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டான். அவரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். "அம்மச்சி, போட் எப்படி உண்டு?" என்று கேட்டார். நல்லா இருக்குதுங்க என்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

ஐந்து பிள்ளைகளிடமும் ஒரு தப்பைக்கூட ஒத்துக்கொண்டதில்லை. வாயால் சொல்ல முடியாமல்தான் எழுதினேன். மூன்று நாள் ஆயிற்று. கை ஓய்ந்துபோயிற்று.

பேத்தியைக் கூப்பிட்டேன். "இந்தா கண்ணு, இதைப் படி. உங்கப்பன் சாப்பிட உக்காந்திருக்கான். அவன் காதுல விழுற மாதிரிச் சத்தமாப் படி."