நிதானம் சைக்கிளில் வேலைக்குப் போன எழுபத்தெட்டு நாள்

ஒரு மேடு, நேரத்துக்கு வராத பஸ், பெட்டிக்கடை வாசலில் படுத்திருக்கும் மூன்று நாய்கள், சொந்த உடம்பின் தொண்ணூற்றிரண்டு கிலோ, அக்கா புருஷனின் வாய். இத்தனையையும் ஜெயித்தவன் நிதானம். நாய்களை ஜெயித்தான் என்பது கொஞ்சம் மிகைதான். பத்தாவது நாளே அவை அவனைத் துரத்துவதை விட்டுவிட்டன. துரத்த ஒரு வேகம் வேண்டாமா?

மாடிப்படி இறங்குவதற்கே இரண்டு தரம் யோசிப்பவன் என்பதால் அக்கா வைத்த பட்டம்தான் நிதானம். முப்பத்தாறு வயதுக்குள் எட்டு வேலை மாறியிருந்தான். ஒன்றுகூட நிரந்தரமில்லை. ஒன்பதாவதாகப் பல் செட் செய்யும் பட்டறையில் இடம் கிடைத்தது. மெழுகில் பல் பதிக்கிற வேலை. அவசரக்காரன் கைக்கு வராது. நிதானத்துக்கென்றே செய்தது போல இருந்தது.

இடைஞ்சல் பட்டறை கேட்டில் இருந்தது. அங்கே ஒரு பதிவேடு. நிரந்தர ஆட்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள். புதியவன் பெயருக்கு எதிரே வாட்ச்மேன் ஒரு டிக் அடிப்பார், அவ்வளவுதான். சரியாக எட்டு மணிக்கு ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு இழுப்பார். முதல் தொண்ணூறு வேலை நாளில் மூன்று தரம் கோட்டுக்குக் கீழே போனவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பஸ்ஸின் புண்ணியத்தில் பன்னிரண்டே நாளில் இரண்டு தரம் போய்விட்டது. மிச்சம் எழுபத்தெட்டு நாள், மிச்சம் ஒரு தரம்கூட இல்லை.

"சைக்கிள்ல போயேன்டா" என்றாள் அக்கா.

"சைக்கிள் பாவம்" என்றார் அவள் புருஷன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அக்கா எதையும் அளக்காமல் விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறை வாசலுக்கு அனுப்பி, கிளம்பும்போது போன் பண்ணச் சொன்னாள். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தெட்டு நிமிடத்தில் வாசலில் மணி அடித்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தாள். செயின் கழன்றால், நாய் துரத்தினால் என்று பத்து நிமிடம் சேர்த்தாள். காலை ஏழு இருபதுக்குக் கிளம்ப வேண்டும்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஐந்து நிமிடம் வெறும் மூச்சுதான் கேட்டது.

"அக்கா... நீ அளந்தது வீட்டுக்கு வர்ற வழி. அது இறக்கம். போறப்ப அதே ரோடு மேடு."

"ஐயையோ! கோடு போட்டுட்டாரா?"

"ஸ்கேலை வச்சுட்டாரு. பேனாவைத் தேடிட்டிருந்தாரு."

அன்றே இன்னொரு வம்பு. வேர்வை சொட்டி, மெழுகில் பதித்த ஒரு முன்பல் நகர்ந்துவிட்டது. "நாளைக்கும் இப்படி நனைஞ்ச கோழியா வந்தா உள்ள விடாதீங்க" என்று பட்டறை முதலாளியம்மா வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார். ஆக, காலுக்குப் பலம் இருந்தால் மட்டும் போதாது. மாற்றிக்கொள்ளக் காய்ந்த சட்டையும் வேண்டும், மாற்ற ஒரு மறைவும் வேண்டும். வாட்ச்மேன் அறையின் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது.

"ஆணி சும்மா வருமா தம்பி?" என்றார் வாட்ச்மேன். "சட்டையைப் பேப்பர்ல சுத்திக் கொண்டு வா. பேப்பர் எனக்கு. நேத்துப் பேப்பர் செல்லாது, சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அக்கா புருஷன் ஆறு மணிக்கே எழுந்து பேப்பர் படிக்க வேண்டியதாயிற்று. ஏழு மணிக்கு அக்கா அவர் கையிலிருந்து அதை உருவுவாள்.

"அந்த விளையாட்டுப் பக்கத்தை மட்டுமாவது விடுடி."

"அதுலதான் காலர் இருக்கு."

சீக்கிரம் எழுந்த பாவத்துக்கு அவரும் ஏழரை பஸ்ஸிலேயே ஆபீஸுக்குக் கிளம்பப் பழகினார்.

தொண்ணூறாவது நாள் மேட்டின் பாதியில் பின் டயர் புஸ்ஸென்று போனது. மணி ஏழு நாற்பத்தொன்பது. ரோட்டில் வண்டிகள் அசையவில்லை. நடுவில் ஏழரை பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னலில் தெரிந்த தலை உடனே மறைந்தது. அக்கா புருஷன் இறங்கி ஓடி வந்தார்.

"சைக்கிளை விடு. ஓடு மச்சான்!"

"நானா மாமா?"

"பின்னே நானா? சட்டையை எடுத்துக்க, ஓடு!"

பிறந்ததிலிருந்து ஓடாதவன் அன்று ஓடினான். பின்னாலேயே, கழுத்து டையைத் தோளில் போட்டுக்கொண்டு, காற்றுப் போன சைக்கிளை மேடு முழுக்கத் தள்ளினார் அவர். ஏழு ஐம்பத்தெட்டுக்கு நிதானம் கேட்டுக்குள் விழுந்தான். வாட்ச்மேன் டிக் அடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். "கசங்கிப் போச்சே" என்று வருத்தப்பட்டார்.

அன்று ஆபீஸில் அக்கா புருஷனுக்குத்தான் லேட். மாலை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

"நீயே சொல்லுடா, சைக்கிள்ல வேலைக்குப் போறதெல்லாம் எல்லாருக்கும் ஒத்து வர்ற காரியமா?"

நிதானம் வழக்கம்போல யோசித்தான். "பாதிப் பேருக்கு வராது மாமா. தூரம் பரவாயில்ல, மேடுகூடப் பரவாயில்ல. போற இடத்துல ஒரு ஆணி இருக்கணுமே. நடு ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கற மாமாவுக்கு எங்க போறது?"

அவர் முகத்தை மறைத்துக்கொள்ளப் பேப்பரைத் தேடினார். அது வாட்ச்மேனிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, காலண்டர் தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக வைத்தாள். கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். மறுநாள் காலை வாட்ச்மேன் டிக் அடிக்கவில்லை. பேனாவைத் திருப்பி அவனிடம் நீட்டினார். நிதானம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சிவப்புக் கோடு விழப்போகும் இடத்துக்கு நாலு வரி மேலே, கட்டத்துக்குள் அடங்கக் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் தேதியையும் எழுதினான்: ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை.