பரிசு வாங்கிய வீக்கம்

செல்லம் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. இருபது வருடம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். கப்பலேறி அந்தமான் வந்த பிறகும் அதே வேலைதான் வாய்த்தது. டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிக்கு அப்பால், மரக் குத்தகைக்காரர் ஒருவரின் கூலி லயத்து வரிசைவீடுகளில், பதினெட்டுப் பிள்ளைகள்.

வந்த முதல் மாதமே லயத்தைச் சுற்றி முருங்கைக் கொம்பு ஊன்றினாள். கீரையும் பருப்பும் கடைந்து சோற்றில் பிசைந்து ஊட்டினாள். எழுபத்திரண்டில் மெயின்லேண்ட் கப்பல் பிந்தியது, பருப்பு நின்றது. மரம் அடுக்க இடம் வேண்டும் என்று மேனேஜர் உதயசூரியன் முருங்கைகளையும் வெட்டிச் சாய்த்தார். மரவள்ளிக்கிழங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மூன்று வேளையும் அதுதான்.

"கிழங்கு வயித்த ரொப்புங்க. சதைய வளக்காது. ஒரு பிடி முருங்கைக்கீரையில இருக்கிறது ஒரு சட்டிக் கிழங்குல இல்ல," என்றாள் செல்லம்.

"கீரை முக்காவாசி தண்ணிம்மா. கிழங்குல ரெண்டு பங்கு சக்தி. ரெஜிஸ்டரப் பாரு, பிள்ளைங்க எடை ஏறுது. பஸ், போதும், இனி பேசாத."

எடை ஏறத்தான் செய்தது. தராசுக்குக் கண் கிடையாது. மேனேஜருக்கு இரண்டு இருந்தும் என்ன பயன்?

டவுனில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தார்கள். அதே குத்தகைக்காரரிடம் ரோடு வேலை செய்யும் சகாயசெல்வியின் இரண்டு வயது மகள் கிரேசிக்கு முதல் பரிசு. உப்பிய கன்னம், உருண்டைக் கால். போட்டோவுக்கு மேனேஜர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். செல்லம் நேராகப் போய் அந்தப் பிஞ்சுக் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"இது சதையில்ல சகாயம், நீரு. தோட்டத்துல ரேஷன் அரிசிய வெட்டுன வருசம் இப்பிடி வீங்குன ரெண்டு பிள்ளைய நான் புதைச்சிருக்கேன்."

சகாயசெல்வி மகளை வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். "எம்புள்ள பரிசு வாங்குனது உங்களுக்கு வயித்தெரிச்சலாக்கா?"

செல்லம் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. வெட்டுப்பட்ட முருங்கைகள் துளிர்த்திருந்தன. கிள்ளி வேகவைத்தாள். கடலோரம் மின்னி பே வரைக்கும் நடந்துபோய்த் தன் காசில் நெத்திலி வாங்கி வந்தாள். கிரேசிக்குத்தான் முதல் ஊட்டு. பிள்ளை முகத்தைத் திருப்பினாலும் விடவில்லை. பத்தாம் நாள் நீர் வடியத் தொடங்கியது. கன்னம் ஒட்டியது. பதினைந்தாம் நாள் தராசு ஒன்றரைக் கிலோ குறைவாகக் காட்டியது.

உதயசூரியன் ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சகாயசெல்வியையும் வேலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்.

"பரிசு வாங்குன பிள்ளையப் பட்டினி போட்டிருக்கா. நீயே சொல்லு, உன் மக இளைச்சிருக்காளா இல்லையா?"

"நீரு வடிஞ்சா எடை குறையத்தான் செய்யும்," என்று செல்லம் கத்தினாள். "இப்பதான் அது எழும்பி நடக்குது, சோறு கேக்குது. சொல்லேன்டி."

சகாயசெல்வி தரையைப் பார்த்தாள். "இளைச்சிருக்கா சார்," என்றாள்.

அதோடு செல்லத்தின் வேலை போயிற்று. அவளுக்கு மேனேஜர் மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. சகாயசெல்வி மேல்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் விடிந்ததும் வாசலில் சகாயசெல்வி நின்றாள், இடுப்பில் கிரேசியோடு. பிள்ளைக்காம்பராவைத் தாண்டித்தான் வந்திருந்தாள்.

"இவள நீங்களே வச்சுப் பாருங்கக்கா."

"நேத்து அவன் முன்னால வாய்ல என்ன வச்சிருந்த?"

"உண்மையச் சொல்லியிருந்தா எம்பேரையும் கூலி லிஸ்டுலருந்து அடிச்சிருப்பாரு. அப்புறம் இவளுக்கு நான் எதப் போடுவேன்?"

செல்லத்துக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"அங்க இன்னும் நாலு பிள்ளைக்குக் காலு வீங்கியிருக்கு. அதுங்கட அம்மாமாரையும் கூட்டிட்டு வா. உன் வாயால நீயே சொல்லிக் கூட்டிட்டு வா."