நகத்தளவு முகம்

மணமேல்குடியில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் ஊரில் பாதிப் பேருடைய முகம் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் செல்போனில் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். பின்னால் தெரியும் சுவரையும் பக்கத்தில் நிற்கும் ஆளையும் வெட்டித் தள்ளிவிட்டு, முகத்தை மட்டும் தனியாக எடுத்துச் சேமித்து வைப்பேன். எங்கள் பேச்சில் அதற்குக் கட்டிங் என்று பெயர். அடுத்த விசேஷத்துக்கு அதே தாய்மாமன் திரும்ப வருவார், மறுபடி உட்கார்ந்து வெட்ட வேண்டாம் பாருங்கள்.

இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பும் தவறுமாகச் செய்து, திட்டு வாங்கி வாங்கிக் கற்றது. ஆனால் முதல் பாடம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தது. "தம்பி, ஆளுக்கு ஒரு இஞ்சாவது எடம் குடுத்துரு. கறி பத்தலைன்னாகூடப் பொறுத்துக்குவாக, பேனர்ல மூஞ்சி இல்லைன்னா பொறுக்கமாட்டாக." ஜனங்கள் இப்படிப் பேசுவதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பது என் வழக்கம். இதை எழுதியதோடு நிற்காமல், வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு தெரு தள்ளி, தங்கச்சி என்று நான் கூப்பிடும் ஒரு பெண் இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டு மாடி அறையில் தனியாளாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தாள். அதில் நம்ம ஊர் மீனவர் ஒருவர் வல்லம் என்கிற சின்னப் படகில் தனியாகக் கடலுக்குப் போவார். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை போட்டு, பொழுது சாய்வதற்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். கணிப்பு தப்பினால் வல்லம் கவிழும், ஆள் முங்கிப்போவார், மறுபடி முதலிலிருந்து. விளையாட்டில் அவர் மேலிருந்து பார்க்கிற பொடி உருவம்தான். தலைப்பாகை தெரியும், முகம் கிடையாது.

இணையத்தில் விளையாட்டு விற்கும் கடையில் வைப்பதற்கு ஒரு கவர் படம் வேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

"இது ஓடலைன்னா மறுபடி பையைத் தூக்கிக்கிட்டு சென்னை பஸ்ஸுதாண்ணே. அம்மா இப்பவே தெனமும் எப்ப வேலைக்குப் போறேன்னு கேக்குது."

நான் செய்து கொடுத்த முதல் படத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கடல், சூரியன், வல்லம், சுறா, விளையாட்டில் வருகிற மீன்காரம்மா, ஐஸ் கம்பெனிக்காரர், நாய், யாரையும் விடவில்லை. எழுத்துக்குத் தங்க நிற பார்டர். கீழ் மூலையில், கை பழக்கத்தில், என் கடைப் பெயரும் செல் நம்பரும்.

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணே, ஜப்பான்காரன் ஒங்களுக்குப் போன் போட்டு காதுகுத்து பேனர் கேக்கப்போறான்."

பிறகு செல்போனில் அந்தக் கடையைத் திறந்து காட்டினாள். வரிசை வரிசையாக நகத்தளவுப் படங்கள். விரல் தள்ளத் தள்ள ஓடிக்கொண்டே இருக்கின்றன. "பாக்குறவன் கண்ணு ஒரு படத்துல நிக்கிற நேரம் தும்முற நேரம்கூட இல்லண்ணே. அதுக்குள்ள இது என்ன வெளாட்டுன்னு தெரியணும், பேரு படிக்கணும், கை தன்னால தொடணும்."

பத்துக்கு எட்டு அடியில் யோசித்தே பழகியவன் நான். அன்று முதல் வேண்டாததை எடுத்துப்போடக் கற்றேன். சுறா போனது, நாய் போனது, பார்டர் போனது. செய்த படங்களை நகத்தளவில் அச்சடித்துக் கடைச் சுவரில் ஒட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பேன். எதிர் டீக்கடைக்காரர், "என்னண்ணே, ஸ்டாம்பு விக்கப்போறீங்களா?" என்பார். வல்லம் மட்டும் வைத்தால் மாவிலை மாதிரி இருந்தது. கடல் மட்டும் வைத்தால் நீலத் துணி. பின்னணி இருட்டாக, முன்னால் வெளிச்சமாக ஒரே ஒரு முகம் இருந்தால் மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கண் போய் நின்றது.

ஆனால் முகம் எனக்கு வரைய வராது. வெட்டுகிற கை இது. நான் வரைந்தால் கண்ணில் உயிர் இருக்காது.

கட்டிங் ஃபோல்டரைத் திறந்தேன்.

சில மாதங்களுக்கு முன் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஒரு பெண் தன் அப்பாவின் போட்டோவைக் கொண்டுவந்திருந்தாள். காலமெல்லாம் கடலுக்குப் போய் மீன் பிடித்தவர். கேமராவைப் பார்க்காமல் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ பார்க்கிறார். "போட்டோன்னா மொறைப்பாருண்ணே. இது நான் அவருக்குத் தெரியாம எடுத்தது, இது ஒண்ணுதான் அவரு மாதிரி இருக்கு," என்று அன்று சொல்லியிருந்தாள். அந்த முகத்தை எடுத்தேன். தாடி வைத்தேன், நிறத்தை மாற்றினேன், துண்டால் தலைப்பாகை கட்டினேன். இனி யாருக்குத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தபோதே விளங்கியிருக்க வேண்டும்.

தங்கச்சி படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணே! யாருண்ணே இவரு?"

"கற்பனைதாம்மா. நானா வரைஞ்சது."

விளையாட்டு அந்த இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. ஓடுகிற விரல்கள் எங்கள் படத்தில் நின்றன. எந்தெந்த நாட்டுக்காரர்களோ அந்தக் கண்ணைப் பற்றி எழுதியதையெல்லாம் அவள் எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். அவள் அம்மா தூக்குச்சட்டியில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். நானும் கூச்சமில்லாமல் வாங்கித் தின்றேன். போதாததற்கு அந்தக் கவரைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் மாட்டினேன், வருகிறவர்கள் கேட்கட்டும் என்று.

கேட்க ஆள் வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனருக்காக அந்த மகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நான் கம்ப்யூட்டரில் பழைய கட்டிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, எங்கப்பாவுக்கு எப்ப தாடி வந்துச்சு?"

"எது?" என்றேன். அந்த 'எது'வும் ஒரு பொய்தான்.

"இந்தா, செவுத்துல. எத்தனை தாடி வச்சாலும் அந்த இடுக்குன கண்ணு அவருதுதாண்ணே. எடுத்தவ நானு."

அது ஒரு கேமுக்கான கவர் என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தால் எழுந்து கிட்டே போனாள். முகம் கொஞ்சம் மலரக்கூடச் செய்தது.

"வெளாட்டுல எங்கப்பா என்ன செய்வாரு?"

"வல்லத்துல போவாரு. வலை போடுவாரு."

"பொறவு?"

"பொழுது சாயறதுக்குள்ள கரைக்கு வரணும்."

"வரலைன்னா?"

வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. எழவில்லை. "வல்லம் கவுந்துரும்மா."

அவள் சத்தம் போடவில்லை. "முப்பது வருசம் கடலுக்குப் போனாருண்ணே. ஒரு தடவைகூட அவரு வல்லம் கவுந்ததில்லை. அவரு பெருமையாச் சொல்லிக்கிட்டது அது ஒண்ணுதான். ஆசுபத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு ஊசி போட வந்த பிள்ளைககிட்டக்கூடச் சொன்னாரு. இன்னும் ஒரு வருசம் முழுசா ஆகலை. எந்த ஊர்க்காரனோ உக்காந்து அவரைக் கவுத்துக் கவுத்து வெளாடுறான்."

செல்போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பேனர் வேணாம்ணே. நான் வேற எடத்துல பாத்துக்கிறேன்."

அவள் சொன்னது எதையும் நான் காலண்டர் தாளில் எழுதவில்லை. எழுதாமலே ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது.

அன்று சாயங்காலமே மாடி ஏறிப்போய்த் தங்கச்சியிடம் ஒப்புக்கொண்டேன். கேட்டு முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கற்பனைன்னீங்களேண்ணே."

"ஆமாம்மா."

"நானும் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிருக்கேன்."

அப்போதே கவரை எடுத்துவிட்டாள். பழகிய படம் மாறினால் தேடி வருகிறவர்கள்கூட வேறு விளையாட்டு என்று தாண்டிப் போய்விடுவார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் அந்த மகளின் வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டினேன். "நீங்க வராதீங்கண்ணே," என்றாள். நான் செய்ததற்கு அவள் போய்த் தலைகுனிந்துவிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை.

புதுக் கவர் நானே கையால் வரைந்தது. ஒரு மீனவரின் முதுகு, தலைப்பாகை, முன்னால் கடல். யோக்கியமான படம். ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கண் நிற்கவில்லை. ஓடுகிற விரல்களும் நிற்கவில்லை.

சில வாரம் கழித்துத் தங்கச்சி சென்னை பஸ்ஸுக்கு நின்றபோது பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். பஸ் ஸ்டாப் எதிரே, ஓரம் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டு அந்த நினைவஞ்சலி பேனர். தாடி இல்லாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு அவர். சுற்றி உறவுக்காரர் முகமெல்லாம் ஆளுக்கு ஒரு இஞ்ச். கீழ் மூலையில் வேறொரு கடையின் நம்பர்.

அவளும் பார்த்தாள். "நல்லா வந்திருக்குல்லண்ணே," என்றாள். பஸ் வந்தது. என் கையிலிருந்த பையை அவளே வாங்கிக்கொண்டு ஏறினாள்.