ஏகாம்பரம் அண்ணன் பாலிசி எடுத்த கதை

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வருகிறாள் என்றால், தாம்பரத்தில் தெரிந்தவர்களே அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு “வெளியில கிளம்பிட்டேனே!” என்பார்கள். ஒருத்தர் லுங்கியும் வாயில் டூத் பிரஷ்ஷுமாக அப்படிச் சொன்னார். பிரீமியம் கட்டிக் கட்டி நொந்த மகாஜனங்களே, நீங்கள் கட்டி அவதிப்படுகிறீர்கள், நான் கட்டச் சொல்லி அவதிப்படுகிறேன். அதனால் மனசு விட்டுச் சொல்கிறேன். மேடவாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு, இது தேவையா தண்டமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

ஃபாரம்

ராகு காலம் முடியட்டும் என்று அண்ணன் என்னை முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். முடிந்ததும் கேள்விகளை ஆரம்பித்தேன். பிபி? இல்ல. சுகர்? இல்ல. ஆபரேஷன் ஏதாவது? “இன்னாம்மா, நல்ல நேரத்துல அபசகுனமா கேட்டுகினு கீற?” என்று மீசையைத் தடவினார். நான் ‘இல்லை’ என்று டிக் அடிக்கப் பேனாவை வைக்கிறேன், சமையலறையில் இருந்து அவர் மனைவி வள்ளி அக்காவின் குரல் குக்கர் விசிலையும் தாண்டி வந்தது: “ஏங்க, சுகர் மாத்திரை போட்டீங்களா?”

ஆறு வருஷமாகப் போடுகிறாராம்! மறைத்தால் நாளைக்குப் பணம் வராது என்று தலைகீழாக நின்று தண்ணி குடித்து அவரைச் சம்மதிக்க வைத்து, ‘சுகர், ஆறு வருஷம்’ என்று எழுதினேன். அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறியது. அண்ணன் சமையலறையைப் பார்த்து முறைத்தார். “வூட்டுக்குள்ளயே மைக் செட்டு வெச்சிகினு எதம்மா மறைக்கிறது?”

ரத்தம் கொடுக்க வந்தவர்

கம்பெனி ரத்தப் பரிசோதனை கேட்டது. கிழக்குத் தாம்பரம் லேபுக்கு நான் போய்ப் பார்த்தால், அண்ணனைக் காணோம். அவர் நாற்காலியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் குமார். வள்ளி அக்காவின் தம்பி, ஊரப்பாக்கத்துக்காரர். “மாமா கடையில கீறாரு. எனக்குத்தான் சுகர் இல்லியே, அதான் என்னை அனுப்பினாரு” என்றார் வெள்ளையாக.

சுகர் இருக்கு என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தாயிற்று, இதில் ஆள்மாறாட்டம் வேறு! நான் போட்ட சத்தத்தில் லேப் பெண் பஞ்சைக் கீழே போட்டுவிட்டாள். போன் போட்டு அண்ணனை வரவழைத்து அவர் ரத்தத்தையே எடுக்க வைத்தேன். வெறும் வயிற்றோடு வந்தது வீணாக வேண்டாம் என்று குமாரும் தன் காசில் டெஸ்ட் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. மாமாவை விட மச்சானுக்கு சுகர் ஜாஸ்தி. மனுஷன் என்னிடம் அழாத குறை. “அக்கா, நான் சும்மா ஹெல்ப்புக்கு வந்தவன். எனக்கு எதுக்கு சுகரு?”

வீணாய்ப் போன வருஷம்

அடுத்த வருஷம் புதுப்பிக்கப் போனேன். குடும்பத்தில் ஒருத்தரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. சந்தோஷமான விஷயம்தானே அண்ணா என்றேன். மனுஷனுக்கு வந்ததே கோபம்! கட்டின பணம் தண்டம், இனிமே ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் முன்னால் சத்தம் போட்டார். விட்டுவிட்டால், சுகரால் வரும் செலவுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும் என்று கெஞ்சினேன். அவர் யோசித்து எனக்கே ஒரு வழி சொன்னார். “வேணும்னா எங்க பேரை எடுத்துட்டு எதிர்வூட்டுக்காரன் பேரைப் போடு. அவன் மாசத்துக்கு ஒரு தபா படுப்பான்.”

அரக்குப் புடவை

கெடு முடிகிற கடைசி நாள் வள்ளி அக்கா போன் பண்ணினார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தன் போனில் இருந்தே பணத்தைக் கட்டிவிட்டார். அண்ணன் கணக்குக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நான்தான் பதறினேன். அக்கா அசரவே இல்லை. “அரக்குப் புடவை எடுத்தேன்னு சொல்லிடறேன் சுமதி. அதைத்தான் அவரு உடனே நம்புவாரு.”

ஆஸ்பத்திரி வாசல்

நாலு மாசம் கழித்து ஒரு காலையில் அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டார். அண்ணனுக்கு வயிற்று வலி. குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் பண்ணாவிட்டால் வெடித்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனோ, பாலிசிதான் இல்லையே, ஓமத் தண்ணி குடித்தால் போதும் என்று கையில் டிரிப் ஊசியோடு வாசலுக்கு நடக்கிறார். கட்டிட்டேன் என்று அக்கா சொன்னதையும் நம்பவில்லை.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். மேடவாக்கம் ரோட்டில் ஒரு தண்ணி லாரி விடாமல் திட்டினேன், அவ்வளவு பயம் எனக்கு. ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டவரை மறித்து ரசீதை நீட்டினேன். பாலிசி உயிரோட இருக்கு அண்ணா, நீங்களும் இருங்க என்றேன். படித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “அப்ப நீ பொடவையே எடுக்கலியா? நாலு மாசமா கடைக்கு வர்றவன் கிட்டல்லாம் அத சொல்லித் திட்டிகினு கீறேனே!”

டிஸ்சார்ஜ்

எத்தனை வருஷமாக சுகர் என்று கம்பெனி கேட்டது. ஆஸ்பத்திரி ஏழு வருஷம் என்று எழுதியது. போன வருஷத்து நம் ஃபாரமும் கணக்குப் போட்டால் அதையேதான் சொன்னது. மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. அன்றைக்கு அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது.

அண்ணனுக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று பில்லில் கம்பெனி தராமல் விட்டதை விரலால் தேடினார். பஞ்சு, கையுறை, மாஸ்க். “ஆபரேஷனுக்குத் துட்டு குடுப்பான், கையுறைக்குக் குடுக்க மாட்டானா? அப்ப டாக்டரு வெறுங்கையாலயா பண்ணணும்?”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், ‘நோய் எதுவும் இல்லை’ என்று டிக் அடிக்கும் முன் சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டு விசில் வரும்வரை காத்திருக்கிறேன்.