ஒரு படத்திலும் இல்லாத என் மகள்

நான் செல்லூரில் தறி ஓட்டுகிறவள். எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஒன்பதாவது படிக்கும் மகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சிங்கப்பூர் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிள்ளைகள் போன் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப்போன டீச்சர்தான் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் போடுவார். தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கித் தேடினேன். என் பிள்ளையின் முகம் எதிலும் இல்லை. முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. எழுதத் தடுமாறுவேன் என்பதால் குரூப்பிலேயே பேசி அனுப்பிவிட்டேன்.

“டீச்சர், எல்லாப் புள்ளையும் இருக்கு, எம்மக எங்க? தொலைச்சுப்புட்டு மறைக்கிறீகளா?”

அத்தனை வீட்டாரும் கேட்டிருப்பார்கள். சற்று நேரத்தில் டீச்சரின் குரல் வந்தது. அதில் கோபமே இல்லை.

“பயப்படாதீங்கம்மா. அம்புட்டு படமும் எடுத்ததே உங்க மகதான். என் போன என்கிட்டயே தர மாட்டேங்குறா.”

பின்னாலேயே என் மகளின் குரல்: “ஏம்மா இப்பிடி மானத்த வாங்குற? சாப்ட்டியா நீ?”

தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். “மன்னிச்சிருங்க டீச்சர்” என்று அதே குரூப்பில் பேசி அனுப்பினேன்.

பிறகு அந்தப் படங்களை முதலிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய மீன்கள், வரிசையாகக் கப்பல்கள், மழையில் நனைந்த ஒரு பாலம். மூன்று நாளாக அவளை மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் காட்டியதை அப்போதுதான் பார்த்தேன்.