சித்தி லாரிக்காரர்களிடம் கேட்டு வேலை தேடிய கதை

உலகத்திலேயே வேகமாக வேலை தேடிய மனுஷி என் சித்திதான். வேலை போய்விட்டது என்று சூரியனே அழுதுகொண்டு வந்தாலும், உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டு, பதினோரு நாளுக்குள் வேறொரு வானத்தில் சேர்த்துவிடுவாள். இதில் பதினோரு நாள் மட்டும் உண்மை.

கண்ணாடிப் பாட்டில் செய்யும் பாக்டரியில் சித்திக்குக் கேட் பாஸ் எழுதுகிற வேலை. லாரி உள்ளே வந்தால் ஒரு சீட்டு, வெளியே போனால் ஒரு சீட்டு. பதினாலு வருஷமாகக் கார்பன் தாளைப் பிடித்து இடது கை விரல் நுனியெல்லாம் நீலம். கொண்டையில் ஒரு பேனாவைச் சொருகிக்கொண்டு அதே பேனாவை வீடு முழுக்கத் தேடுவாள். லாரிக்காரர்களுக்கு அவள் சீட்டக்கா. அம்மா வெளியூரில் நர்ஸ். விடுதி அறையில் ஒரே கட்டில். அதனால் நான் சித்தியோடு கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பத்தாவதோடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு ஒட்டினார்கள். மாசக் கடைசியோடு உலையை அணைக்கிறார்கள். வேலையும் போகும், குவார்ட்டர்ஸ் சாவியும் போகும். கையில் பதினோரு நாள். வேலை இல்லாதவளுக்கு எவன் வீடு கொடுப்பான்? சித்தி யார் வீட்டிலாவது பாயை விரிக்க வேண்டும், நான் அம்மாவின் ஒற்றைக் கட்டிலில் பாதி தொங்க வேண்டும்.

தேடலாம் என்றால் நேரம் இல்லை. கடைசி லோடுகள் போவதால் யாருக்கும் லீவு கிடையாது. சித்திக்கு அரை நாள் லீவு ஒன்றே ஒன்று மிச்சம். மற்றபடி தினம் இருபது நிமிஷச் சாப்பாட்டு நேரம்.

பேக்கிங் பகுதி அக்கா கிடைத்த விலாசத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாள்.

“நாப்பது போட்டுட்டேன். நீ எத்தனை?”

“ஒண்ணும் போடல. விசாரிச்சுட்டு இருக்கேன்.”

விசாரித்தது லாரிக்காரர்களிடம். சீட்டு எழுதிக்கொண்டே, நேற்று எங்கே லோடு ஏற்றினீர்கள், அந்தக் கேட்டில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்பாள். ஹாரன் என்று ஒரு டிரைவர். வாய் அப்படி.

“பெயிண்ட் கம்பெனியில ரெண்டே முக்கால் மணி நேரம் சீட்டக்கா. உள்ள போறப்ப ஷேவ் பண்ணியிருந்தேன், வெளிய வர்றப்ப தாடி.”

“எத்தனை வண்டி வரிசை?”

“ஒம்பது. எழுத ஆளே இல்ல. நாங்களே எழுதி நாங்களே கிழிச்சுக்கறோம்.”

சித்தி அதைக் குறித்துக்கொண்டாள். எந்தக் கேட்டில் வண்டி தவம் கிடக்கிறதோ அங்கேதான் ஆள் தேவை. அவள் கணக்கு அவ்வளவுதான். புதன்கிழமைக்குள் மூன்று கேட் தேறின: பெயிண்ட், அட்டைப்பெட்டி, மருந்துக் கிடங்கு. மூன்றுக்கும் அரைப் பக்கக் கடிதம். பெயிண்டுக்குப் போனது இப்படி: “உங்கள் கேட்டில் வண்டி இரண்டே முக்கால் மணி நேரம் நிற்கிறது. என் கேட்டில் ஒன்பது நிமிஷம்.” கீழே போன் நம்பர். நான்தான் நகல் எடுத்தேன். ஒன்றில் மட்டும் ‘பார்க்கவும் லட்சணமாக இருப்பேன்’ என்று சேர்த்தேன். கிழித்துப் போட்டு, மறுபடி எழுத வைத்தாள். அந்தந்தக் கேட்டுக்குப் போகிற டிரைவர்களே கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அட்டைப்பெட்டியில் ஆள் எடுத்தாகிவிட்டது. மருந்துக் கிடங்கில் பட்டப்படிப்பு கேட்டார்கள். மிச்சம் பெயிண்ட்.

கேட்டில் போனுக்கு அனுமதி இல்லை என்பதால் சித்தியின் போன் பகலில் என்னிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அடித்தது.

“வணக்கம். மேடத்தோட உதவியாளர் பேசறேன்.”

“பெயிண்ட் கம்பெனி மேனேஜர்மா. லெட்டர் வந்துச்சு. திங்கக்கிழமை பாக்கலாம்னு சொல்லிடு.”

வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சைக்கிள் கேட்டேன், பாக்கலாம் என்றார்கள். நாய்க்குட்டி கேட்டேன், பாக்கலாம். அம்மா லீவுக்கு வருவாளா என்றேன், அதற்கும் பாக்கலாம். இன்றுவரை ஒன்றையும் பார்த்தபாடில்லை.

சாயங்காலம் சித்தி வந்தாள். “யாராவது கூப்பிட்டாங்களா?” தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தவள் குடிக்காமல் நின்றாள். காரணமே இல்லாமல் ஆயிரம் பொய் சொன்னவள் நான். இந்தப் பொய் கேட்காமலே வந்து நாக்கில் உட்கார்ந்தது.

“பெயிண்ட் கம்பெனி. திங்கக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வரச் சொன்னாங்க.”

“பத்து மணிக்கா?”

“பத்து மணிக்கு.”

தண்ணீரைக் குடித்தாள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இருக்கிற ஒரே அரை நாளை என் பொய்க்காகச் செலவழிக்கப் போகிறாள். சனிக்கிழமை நானாகவே பாத்திரம் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி உடுப்புக்கு இஸ்திரி போடுவதைப் பார்க்க முடியவில்லை.

“சித்தி, ஒருவேளை அங்க உன்னைக் கண்டுக்கவே இல்லனா?”

“திரும்பி வருவேன். பஸ் ரெண்டு பக்கமும்தானே ஓடுது.”

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். கேட் வரிசையை முன்னாலேயே பார்த்துவைக்க வேண்டுமாம். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு மன்னிப்பு தயார் செய்தேன். ஆறு பஸ், ஆறு மன்னிப்பு. ஏழாவதில் வந்து இறங்கினாள்.

“ஒண்ணாந்தேதி சேரச் சொல்லிட்டாங்க. லெட்டரும் கையில குடுத்துட்டாங்க.”

வாங்கிப் படித்தேன், இரண்டு தடவை. கால் தரையில் பாவவில்லை. “நான்தான் சொன்னேனே,” என்றேன், வெட்கமே இல்லாமல்.

சித்தி படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

“பத்து மணினு யாரு சொன்னது?”

“மேனேஜர்தான்.”

“அவர் தினமும் ஒம்பதரைக்கு வெளிய கிளம்பிடறவரு. என்னை ஒம்பது மணிக்கு வரச் சொன்னாரு.”

“உன்கிட்டயா? எப்ப சொன்னாரு?”

“வண்டி வருதுனு எவனாவது சொன்னா, திருப்பிக் கூப்பிட்டுக் கேக்காம கேட்டைத் திறக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. நீ வெள்ளிக்கிழமை குளிக்கப் போனதும் அந்த நம்பருக்குப் போன் பண்ணிட்டேன். ‘பாக்கலாம்னு தானேம்மா சொன்னேன், பத்து மணி எங்கிருந்து வந்துச்சு’னு அவர் சிரிக்கறாரு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “அப்பவே கேட்டிருக்கலாம்ல சித்தி? ரெண்டு நாளா எனக்குச் சோறே இறங்கல.”

“பாத்திரம் தேய்ச்ச, வாயை மூடிட்டு இருந்த,” என்றாள் சித்தி. “நானா போய் அதைக் கெடுப்பேன்?”